பயன் காணாத உழைப்பு வீணோ?



திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மளிகைக் கிட்டங்கியின் மாடியில், ஞாயிறுதோறும் மாலையில் நம்மவர் சிலர் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதித் தம்மம் கேட்பது வழக்கம். கடைத்தெருவில் மூட்டை சுமப்போர், வற்றல் மிளகாய் தரம் பிரிக்கும் பெண்டிர், கணக்கெழுதும் பிள்ளைகள், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கணினி வேலைக்குச் செல்லும் இளைஞர் இருவர் மூவர் என்று முப்பது பேருக்குக் குறையாமல் வருவர். இவ்வாண்டு வைசாகப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறன்று நாம் அங்கே பேசச் சென்றிருந்தோம். எண்வகை மார்க்கத்தின் ஆறாவது அங்கமாகிய நல்லூக்கம் பற்றிப் பேசினோம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

"ஐயா, ஊக்கத்தைக் கைவிடாதே என்கிறீர்கள். நான் இரண்டு வருஷம் ஊக்கமாகத்தான் உழைத்தேன். அந்த வேலை ஒருவர் கண்ணிலும் படாமலே முடிந்துவிட்டது. அப்படியானால் அந்த இரண்டு வருஷமும் எங்கே போயிற்று?"

அவர் வேலை, பிள்ளைகள் வீடியோ கேம் என்று சொல்லும் திரை விளையாட்டுகளை அமைப்பது. கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு புதுக் கருவிக்காக, ஆறு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டைச் செய்துவந்தனர். பழைய கடைத்தெரு ஒன்றின் ஓட்டுக் கூரைகள்மேல் ஒரு பூனை தாவித் தாவித் தன் குட்டியைத் தேடிச் செல்லும் விளையாட்டு அது. கூரைகளை அவர் இந்தச் சாலைக் கடைத்தெருவைப் பார்த்தே வரைந்தாராம். வேலை ஏறக்குறைய முடிந்த சமயத்தில், கருவி சந்தையில் விலைபோகவில்லை என்று தெரிந்தது. செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் விளையாட்டு வேண்டாம் என்று ஒரே கடிதத்தில் நிறுத்திவிட்டனர். செய்ததை வெளியே காட்டவும் ஒப்பந்தத்தில் இடமில்லை.

நாம் விடை தேடிக்கொண்டிருக்கையில், மிளகாய் தரம் பிரிக்கும் முதிய அம்மையார் ஒருவர் திரும்பி அவரைப் பார்த்து, "மக்களே, கூலி தந்தாங்களா?" என்று கேட்டார்.

"கடைசி இரண்டு மாசத்துக்குத் தரவில்லை, அம்மா" என்றார் இளைஞர்.

மாடி முழுவதும் சற்று நேரம் அமைதியாயிற்று. அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவு தரவில்லை. ஆறச் சிந்தித்து நம் பத்திரிகையில் எழுதுவதாக வாக்களித்து வந்தோம். அவ்வாக்கை நிறைவேற்றவே இக்கட்டுரை.

ஜப்பானில் நிகழ்ந்தது

விலைபோகாத கருவிக்காகச் செய்யப்பட்டு, வெளிவராமலே நின்றுபோன விளையாட்டு உலகில் இது முதலாவதன்று. ஜப்பான் தேசத்தில் நிகழ்ந்த ஒன்றை அவ்விளைஞரே நமக்கு எடுத்துரைத்தார். நாமும் பின்னர் விசாரித்துத் தெளிந்தோம். அதனைச் சிறிது விரிவாகச் சொல்லுதல் தகும். ஏனெனில் அதன் நடுவே நிற்பவர் நம்மைப் போல் ஓர் ஆலைத் தொழிலாளியாய்த் தொடங்கியவர்.

பௌத்த விகாரைகள் நிறைந்த கியோட்டோ நகரில், 1889-ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுகள் செய்யத் தொடங்கிய கம்பெனி நின்டெண்டோ. குன்பெய் யோகோய் என்பவர் 1965-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். மின்னணுவியல் கற்றவரேயாயினும், அவருக்குக் கிடைத்த வேலை சீட்டுக்கட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பராமரிப்பது. ஆலையில் பராமரிப்பு ஆளின் நிலைமை நமக்குத் தெரியும். இயந்திரம் ஓடும்வரை அவனை எவரும் நினைப்பதில்லை. நின்றால் எல்லாரும் அவன் பெயரையே கூவுவர். யோகோய் ஓய்ந்த நேரத்தில், பின்னிய கட்டைகளால் நீண்டும் சுருங்கியும் தொலைவிலுள்ள பொருளைப் பற்றும் ஒரு கையைத் தம் பொழுதுபோக்கிற்காகச் செய்துகொண்டார். தலைவர் யமவுச்சி அதனைக் கண்டார். கடிந்துகொள்ளாமல், அதையே விற்பனைக்குரிய பொம்மையாக்கும்படி சொன்னார். 1966-இல் வந்த அப்பொம்மை பத்து லட்சத்திற்கு மேல் விற்றது.

பின்னொரு நாள், இரயிலில் ஒருவர் அலுப்புத் தீரக் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டார் யோகோய். அதிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் 'கேம் அண்ட் வாட்ச்' 1980-இல் பிறந்தது. 1989-இல் 'கேம் பாய்' வந்தது; அது கோடிக்கணக்கான பிள்ளைகளின் கைகளைச் சேர்ந்தது. விலையுயர்ந்த புது நுட்பத்தின் பின்னே ஓடாமல், பலரும் பழகி மலிந்துவிட்ட நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்துவதே அவருடைய கொள்கை. கிழிந்த துணியில் நல்ல பை தைக்கும் நம் பெண்டிர் இக்கொள்கையை எளிதில் அறிவர்.

அதே மனிதரின் தலைமையில் 1995 ஜூலை 21 அன்று ஜப்பானிலும், ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவிலும் வந்ததுதான் 'விர்ச்சுவல் பாய்'. மேசைமேல் ஒரு தாங்கியில் நிற்கும் அக்கருவிக்குள் இரு கண்களையும் பதித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட காட்சி தெரியும். ஆகவே படத்தில் ஆழம் தோன்றும். சிவப்பு விளக்குகளே மலிவாகவும் குறைந்த மின்சாரத்தில் எரிவனவாகவும் இருந்தமையால், கரிய வெளியில் சிவந்த கோடுகளேயன்றி வேறு நிறமில்லை. குனிந்து பார்த்தவர்க்குக் கழுத்து நொந்தது. பலர் தலைவலி என்றனர். ஒருவர் ஆடுவதை அருகிலிருப்பவர் பார்க்கவும் இயலாது. உலகெங்கும் ஏறக்குறைய 7,70,000 கருவிகளே விற்றன. அதற்கென வெளிவந்த விளையாட்டுகள் மொத்தம் 22. ஜப்பானில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளும், அமெரிக்காவில் 1996-லும் அதன் கதை முடிந்தது.

கருவி நின்றபோது, அதற்காக ஆங்காங்கே செய்யப்பட்டுவந்த வேலைகளும் நின்றன. அவற்றுள் ஒன்று, 'ஜப்பான் சிஸ்டம் சப்ளை' என்னும் கம்பெனியார் செய்த 'பவுண்ட் ஹை'. சால்வோ என்னும் சிறு இயந்திர உருவம் பந்தாக மாறித் துள்ளிக்கொண்டேயிருக்கும். ஆடுபவர் மேலிருந்து பார்ப்பார். பந்து எழும்பும்போது முகத்தை நோக்கி வரும். விழும்போது ஆழத்தில் இறங்கும். அவ்வாறு விழுந்து எதிரிகளை நசுக்கவேண்டும். அக்கருவிக்கே உரிய ஆழத்தைச் சரியாக அறிந்து அமைத்த விளையாட்டு அது என்று அறிந்தோர் சொல்வர். வேலை முடிந்துவிட்டது; ஆனால் விற்பனைக்கு வரவில்லை. ஆண்டுகள் சென்றன. அக்கருவியை விடாமல் பேணிவந்த ஆர்வலர் சிலர், எஞ்சியிருந்த மூல எழுத்துகளைக் கொண்டு 2010-இல் அதனை மீண்டும் உருவாக்கிக் கேசட்டில் பதித்து ஆடினர்.

யோகோய் 1996-இல் நின்டெண்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபர் 4 அன்று ஒரு சாலை விபத்தில் மாண்டார். வயது 56. அவர் கைபட்ட 'வொண்டர்ஸ்வான்' என்னும் கருவி 1999-இல் கடைக்கு வந்தபோது அவர் இல்லை.

இதுவே அச்சரித்திரம். இனி, இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

நாம் கண்ட கதிர்கள்

நாம் நூலாலையில் பதினாறு ஆண்டுகள் உழைத்தவர். ஒருநாள் காலை ஷிப்டுக்குச் சென்றபோது வாயிற்கதவு பூட்டியிருந்தது. எட்டு மாதங்கள் கழித்துக் கணக்குத் தீர்க்க உள்ளே அழைத்தனர். நாம் ஓட்டிய ரிங் பிரேமின் அருகில் போய் நின்றோம். கதிர்களில் பாதி சுற்றிய நூல் அப்படியே நின்றிருந்தது. மேலே பஞ்சுத் தூசி அரை விரல் படிந்திருந்தது. அறுந்த இழை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கை தானாகவே சென்று அதை முறுக்கி ஒட்டியது. ஓடாத இயந்திரத்தில் இழையை ஒட்டி யாருக்கு என்ன பயன்? பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் வீடு வந்து சேரும்வரை நெஞ்சில் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நூல் எந்த வேட்டியிலும் சேரவில்லை. எந்தக் குழந்தையின் உடம்பையும் மூடவில்லை. அப்படியானால் அதைச் சுற்றிய நாட்கள் எங்கே போயின?

ஆகவே, இளைஞரின் கேள்வி கணினியைப் பற்றியது மட்டும் அன்று. வெள்ளம் கொண்டுபோன வயலுக்குச் சொந்தக்காரனும், வெளிவராத நூலை எழுதியவனும், பிழைக்காத நோயாளிக்கு இரவெல்லாம் கண்விழித்த தாதியும் கேட்கும் கேள்வி இது.

ஏற்கத்தகாத ஆறுதல்

இக்கேள்விக்கு நம் நாட்டில் ஓர் ஆயத்த விடை உண்டு. செயலே உனது, பலன் உனதன்று. ஆதலால் பலனைக் கருதாமல் உன் கடமையைச் செய் என்பர். கேட்க இனிமையான உபதேசந்தான். ஆனால் நம்மவர் அதனைத் தலைமுறை தலைமுறையாக யார் வாயிலிருந்து கேட்டனர்? நெல்லை அளந்து தன் களஞ்சியத்தில் கொட்டிக்கொண்டவன், அறுத்தவனை நோக்கிச் சொன்னான். இன்ன குலத்திற் பிறந்தாய், இன்ன வேலையே உன் கடமை, பலனைக் கேளாதே என்றான். பலனைக் கருதாதே என்பவன் தானும் கருதாமல் இருந்தானா என்று நாம் கேட்கவேண்டும். பிறப்பைக் கொண்டு கடமையை வகுக்கும் நெறியை உதறிவிட்டே நாம் தம்மத்தைச் சரணடைந்தோம். உதறிய சட்டையை ஆறுதல் என்னும் பெயரால் மீண்டும் அணியலாகாது.

அம்மையார் முதலில் கூலியைக் கேட்டது இதனால்தான் நமக்குப் பெரும் பாடமாயிற்று. தத்துவம் பேச வந்த நாம் கேட்கத் தவறியதை, மிளகாய்க் காரம் ஏறிய கைகளை உடையவர் கேட்டார். நாம் சிந்தித்தவரையில், ஒரு வேலையில் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று உழைப்பு. மற்றொன்று கூலி. மூன்றாவது, செய்த பொருளின் கதி. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதனாலேயே நாம் துன்புறுகின்றோம். நம்மை ஏய்ப்பவரும் அக்குழப்பத்திலேயே பிழைக்கின்றனர்.

கூலி

சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் உபதேசித்த சூத்திரத்தை நம்மவர் அறிவர். வேலை கொடுப்போன் வேலையாளுக்குச் செய்யவேண்டியவை ஐந்து என்று அங்கே வகுத்தருளினார். வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது பேணுதல், சிறப்பான உணவைப் பகிர்ந்துகொள்ளுதல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்பவை அவை. பொருள் விற்றால் கூலி, விற்காவிட்டால் இல்லை என்னும் நிபந்தனை அவற்றில் இல்லை. கருவி விலைபோகாதது செய்தவன் குற்றமன்று. துள்ளும் பந்தை வரைந்தவனோ, பூனையை வரைந்தவனோ கருவியின் விலையை நிர்ணயிக்கவில்லை. இலாபம் வந்தபோது பங்கு தராதவர்கள், நட்டம் வந்தபோது மட்டும் பங்கு கேட்பது நீதியன்று. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைத் தம் பொறுப்பில் கொண்டிருந்தார் என்பதை நம்மவர் மறக்கலாகாது. உழைப்போனின் நேரத்தையும் கூலியையும் பேசுவது தம்மத்திற்கு வெளியே உள்ள காரியம் என்று அவர் எண்ணவில்லை.

ஆகவே, தம்பிக்கு நம் முதல் விடை: பற்றை விடுதல் வேறு, பாக்கியை விடுதல் வேறு. இரண்டு மாதச் சம்பளத்தை முறைப்படி கேளும். கேட்பது ஆசையன்று.

உழைப்பு

இனி உழைப்பைப் பற்றி. சேதனையே கம்மம் என்பது பகவனின் உபதேசம். சேதனையாவது உள்ளம் ஒன்றை நாடித் துணிந்து முயலுதல். ஒரு செயலின் தன்மையை அதன் விற்பனைக் கணக்கு முடிவு செய்வதில்லை. அதனைச் செய்கையில் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதே முடிவு செய்கிறது. பொறுமையோடு செய்தவன் பொறுமையுடையவன் ஆகின்றான். ஏய்த்துச் செய்தவன் ஏய்ப்பவன் ஆகின்றான். பொருள் சந்தைக்குப் போகுமுன்பே இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகின்றது. எவர் எழுதும் கடிதமும் இதனை நிறுத்த இயலாது.

மகாஜனக ஜாதகம் இதனை விளக்கும். மிதிலையின் அரசுரிமை இழந்த குடியிற் பிறந்த மகாஜனகன், பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறினான். நடுக்கடலில் கப்பல் உடைந்தது. உடன் வந்தோர் மாண்டனர். அவன் மட்டும் கைகளால் அலைகளைத் தள்ளி ஏழு நாள் நீந்தினான். கடலைக் காக்கும் மணிமேகலா தெய்வம் அவன்முன் தோன்றிற்று. நம் மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி பெயர் பெற்றது இத்தெய்வத்தினிடமிருந்தே. கோவலன் தன் முன்னோன் ஒருவனைக் கடலினின்று காத்த நன்றியை நினைந்து மகளுக்கு அப்பெயரிட்டான் என்பது நாம் அறிந்த கதை. அத்தெய்வம் மகாஜனகனை நோக்கி, கரையே தெரியாத கடலில் ஏன் வீணே நீந்துகின்றாய், கரையை அடையுமுன்னே மாளப்போகின்றாயே என்று கேட்டது. முயன்றவன் தன் சுற்றத்தார்க்கும் முன்னோர்க்கும் கடன்பட்டவன் ஆகான், பின்னர் நினைந்து வருந்தவும் மாட்டான் என்னும் கருத்துப்பட அவன் விடையிறுத்தான். பின்பு தெய்வம் அவனை ஏந்திச் சென்று கரை சேர்த்தது.

பலரும் இக்கதையைக் கேட்டு, முயன்றால் தெய்வம் காக்கும் என்று பொருள் கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அவன் விடை சொன்னது கரை சேர்ந்த பின்னரன்று, நீரில் கிடந்தபோதே. தெய்வம் திரும்பிப் பாராமற் போயிருந்தாலும் அவன் விடை உண்மையாகவே இருந்திருக்கும். அதுவே அக்கதையின் உயிர்நிலை. 'பவுண்ட் ஹை' 2010-இல் மீட்கப்பட்டதனால் அதனைச் செய்தவர்களின் உழைப்புப் பயனுற்றது என்று நாம் சொல்லமாட்டோம். மீட்கப்படாமல் எங்கோ அழிந்துபோயிருந்தாலும், ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டக் கற்ற கை கற்ற கையே. அக்கம்பெனியார் அதே சால்வோவை 1997-இல் 'சால்வோ 55' என்னும் விளையாட்டாகக் கேம் பாய்க்குச் செய்து வெளியிட்டனர். கற்றது ஒரு வாயில் அடைபட்டபோது வேறு வாயிலால் வெளிப்பட்டது.

நாமும் நம் கதிர்களைப் பற்றி இவ்வாறே தெளிந்தோம். நூல் தூசியில் மடிந்தது. ஆனால் இரைச்சலின் நடுவே நாள் முழுதும் நின்று அறுந்ததை அறுந்த இடத்திலேயே ஒட்டும் பழக்கம் நம்மோடு வெளியே வந்தது. இன்று மனம் உடைந்து வருவோரிடம் அமர்ந்து கேட்கும்போது அப்பழக்கமே நமக்கு உதவுகின்றது.

பொருளின் கதி

மூன்றாவது, செய்த பொருளின் கதி. எதுவும் பல சார்புகளினால் தோன்றி, அச்சார்புகள் நீங்கினால் நீங்கும் என்பது நம் தம்மத்தின் அடிப்படை. ஒரு விளையாட்டு கடைக்கு வருவதற்குச் செய்தவன் திறமை ஒரு சார்பு மட்டுமே. கருவி, விலை, விளக்கின் நிறம், வாங்குவோன் கழுத்து, பணமிட்டோன் அச்சம் என்று எத்தனையோ சார்புகள் கூடவேண்டும். யோகோயின் அதே கொள்கை கேம் பாயில் வென்றது. விர்ச்சுவல் பாயில் தோற்றது. மலிவான பழைய நுட்பத்தைத் தேர்ந்த அதே கண்தான் இரண்டையும் செய்தது. ஆதலின் வென்றபோது முழுதும் தன்னால் என்பதும், தோற்றபோது முழுதும் தன்னால் என்பதும் ஒரே மயக்கத்தின் இரு முகங்கள்.

நம் சொந்தச் சரித்திரத்திலும் இதனைக் காணலாம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய நம் குண்டலகேசி முழுதும் கிடைக்கவில்லை. பிற நூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பெற்ற சில செய்யுட்களே எஞ்சின. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியோ நமக்குக் கிடைக்கின்றது. மணிமேகலை ஏட்டில் கிடந்து, உ. வே. சாமிநாதையரால் 1898-இல் அச்சேறியது. அதே 1898-இல்தான் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பாபாசாகேப் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தம்மம் தழுவி, டிசம்பர் 6 அன்று மறைந்தார். அவர் உடல்நலிவோடு எழுதிய 'புத்தரும் அவர் தம்மமும்' 1957-இல்தான் உலகிற்கு வந்தது. அதனை நாம் படிக்கின்றோம். எழுதியவர் நம் கையில் அதனைக் காணவில்லை. எது அழியும், எது எஞ்சும், எது பகைவன் கையினாலேயே காக்கப்படும் என்பதைச் செய்பவன் அறியான்.

பகவன் இராதர் என்னும் பிக்குவுக்கு ஓர் உவமை கூறினார். சிறுவரும் சிறுமியரும் மண்ணால் வீடு கட்டி விளையாடுகின்றனர். ஆசை உள்ளவரையில் அதனைப் போற்றுவர். என்னுடையது என்று காப்பர். ஆசை தீர்ந்ததும் தாமே கையாலும் காலாலும் கலைத்துவிடுவர். தம்பியின் துயரம் எங்கே உள்ளது என்பதை இவ்வுவமை காட்டும். அவர் வீட்டை அவர் கலைக்கவில்லை. ஆசை தீருமுன்பே வேறொருவர் வந்து கலைத்தார். ஆகவே வலிக்கின்றது. வலிக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிறர் கலைத்ததைத் தாமும் மனத்தால் கலைத்துவிடும் நாள் வரையில் அது வலிக்கும். அந்நாள் தானே வாராது, பயிற்சியினால் வரும்.

விளையாட்டுத்தானே என்பார்க்கு

அன்று கூட்டத்தில் ஒரு பெரியவர், "விளையாட்டுப் பொருள்தானே, வராமற் போனதே நல்லது" என்றார். தீக நிகாயத்தின் பிரமஜால சூத்திரத்தில் பிக்குகள் விலக்கவேண்டிய விளையாட்டுகளின் நீண்ட பட்டியல் உள்ளது. எட்டு வரிசைக் கட்டமும் பத்து வரிசைக் கட்டமும் அங்கே உண்டு. பலகையே இல்லாமல் வெற்றுவெளியில் கட்டங்களைக் கற்பித்து ஆடும் ஆகாசம் என்பதும் உண்டு. ஆனால் அவ்விலக்கு துறவிகளுக்கு உரியது. இல்லறத்தார்க்கு விலக்கிய வாணிகங்கள் ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்தே. பிள்ளைகள் சிரிக்கும் ஒரு பொம்மை இவ்வைந்தில் இல்லை. சூதையோ பகவன் சிகாலனுக்குத் தெளிவாகவே கண்டித்தார்.

இங்கே ஓர் உண்மையை எண்ணிப் பார்க்கவேண்டும். வெளிவராத விளையாட்டுகளால் கெட்ட குடும்பம் ஒன்றும் இல்லை. வெளிவந்து பெருவெற்றி பெற்ற பணச் சீட்டாட்டங்களால் கெட்ட குடும்பங்களை நாம் நேரில் கண்டிருக்கின்றோம். கைப்பேசியில் இரவெல்லாம் ஆடி, மனைவியின் தாலியையும் அடகு வைத்தவர் உண்டு. அவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-லும், பாராளுமன்றம் 2025-லும் சட்டம் இயற்ற நேர்ந்தது. அவற்றைச் செய்தவர்களும் இரவு பகலாய் ஊக்கத்தோடு உழைத்தவர்களே. அவர்கள் வேலை பல லட்சம் பேரைச் சென்றடைந்தது. அப்படியானால் பயனுற்ற உழைப்பு எது? குட்டியைத் தேடும் பூனையா, குடியைத் தேடி வந்து கெடுக்கும் சீட்டா? வெளிவந்ததனால் மட்டும் ஒரு வேலை பயனுற்றதாகாது. வெளிவராததனால் மட்டும் வீணாகாது. நல்லூக்கத்திற்கு முன்னே நல்ல நோக்கமும் நல்ல பிழைப்பும் வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

தொகுத்துச் சொல்வோம். உழைப்பு நம்முடையது, அதனைச் செம்மையாகச் செய்க. கூலி நமக்கு வரவேண்டியது. அதனை அஞ்சாமல் கேட்க. பொருளின் கதி பல சார்புகளுக்கு உரியது. அதனைப் பற்றி நின்று மாளற்க.

இதனை எழுதி முடிக்குமுன் மீண்டும் ஒருமுறை ஆரியசாலைக்குச் சென்றோம். இளைஞரும் உடன் உழைத்த இருவரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தனர். படியேறுகையிலேயே அம்மையார், "வந்ததா மக்களே?" என்று கேட்டார். "இன்னும் இல்லை அம்மா, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்" என்றார் அவர். கூட்டம் தொடங்க நேரமிருந்தது. மொட்டைமாடியில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டுப் போய்ப் பார்த்தோம். தளத்தில் சுண்ணக்கட்டியால் கூரை கூரையாக வரையப்பட்டிருந்தது. ஒரு சிறுமி ஒற்றைக் காலில் கூரைக்குக் கூரை தாவி, எல்லையில் கிடந்த ஓட்டுச்சில்லைக் குட்டி என்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வரைந்தவர் யார் என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் மழையில் அக்கோடுகள் அழிந்திருக்கும்.

எல்லா உயிரும் நலம் பெறுக! சாது! சாது! சாது!